தலையைத் திருப்பும் மேசை விசிறி: லெகோ கட்டைகளில் வீட்டுச் சாதனங்களை இயங்கச் செய்யும் முறை

பெரம்பூரில் எங்கள் வீட்டில் இருந்த பழைய மேசை விசிறி, காற்று வீசுவதை நிறுத்தாமலே தலையைத் திருப்புவதை மட்டும் ஒரு கோடையில் நிறுத்திவிட்டது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, மோட்டாரின் அச்சிலேயே திருகாணி மரை போல வெட்டப்பட்டிருந்த வார்ம் என்ற உறுப்பு எந்தத் தேய்மானமும் இல்லாமல் இருந்தது. அதனோடு பொருந்திச் சுழல வேண்டிய நைலான் பற்சக்கரத்தின் பற்கள் மட்டும் மழுங்கிப் போயிருந்தன. அந்தச் சிறிய பெட்டிக்குள் இருந்த நான்கைந்து உறுப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான், வேகமாகச் சுழலும் ஒரே மோட்டாரிலிருந்து மெதுவாக ஊசலாடும் இன்னொரு அசைவை எப்படிப் பெறுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. அன்று மாலையே என் மகளின் லெகோ பெட்டியைத் திறந்து அதே அமைப்பைக் கட்டத் தொடங்கினோம்.

அன்றிலிருந்து நாங்கள் கடைப்பிடித்துவரும் விதி ஒன்றுண்டு. மாதிரி, அசல் சாதனத்தைப் போலத் தோன்ற வேண்டும் என்பது இரண்டாவது. அசல் எந்தக் காரணத்தால் அசைகிறதோ அதே காரணத்தால் மாதிரியும் அசைய வேண்டும் என்பதே முதலாவது. விசிறியின் தலைக்குத் தனியாக இன்னொரு மோட்டாரை வைத்து, முன்னும் பின்னும் ஓடவிட்டுத் திருப்புவது எளிது. ஆனால் அதைச் செய்து முடித்தவருக்கு மேசை விசிறியைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு மாதிரியிலும் உள்ளே இருக்கும் இயக்கத்தை முதலில் கட்டி, அது கையால் சுற்றும்போதே தடையின்றி ஓடுகிறது என்று உறுதியான பிறகு வெளிக்கூட்டைக் கட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பழைய சாதனத்தைத் திறந்து பார்ப்பவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்த பிறகே திருகாணியில் கை வைக்க வேண்டும். விசிறி மோட்டாரோடு இணைந்த கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால் அதன் முனைகளைத் தொடக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பையும் பிக்சர் டியூப் வைத்த பழைய தொலைக்காட்சியையும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அவற்றினுள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தேங்கி நிற்கும். மாதிரிக்கு எப்போதும் பேட்டரி மட்டுமே. வீட்டு மின்சாரத்துக்கும் கட்டைகளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

கட்டைகளின் கணக்கு

லெகோ கட்டைகளின் பிடிப்பு முறைக்கு 1958ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. அன்றைய அளவுகளே இன்றும் தொடர்வதால், உறவினர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கட்டைகளும் நேற்று வாங்கிய கட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்தும். இந்த வேலைக்கு அடிப்படையாக இருப்பவை, 1977இல் வெளிவந்த டெக்னிக் வகையைச் சேர்ந்த துளைச்சட்டங்கள், கூட்டல் குறி வடிவ அச்சுகள், துளைகளில் செருகி இணைக்கும் பின்கள், பற்சக்கரங்கள் ஆகியவை. அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடையே உள்ள தூரம் 8 மி.மீ.; இதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தை எண்ணும்போது துளைகளை எண்ணுகிறோம், தூரத்தைக் கணக்கிடும்போது துளைகளுக்கு இடைப்பட்ட இடைவெளிகளை எண்ணுகிறோம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 5 துளைச் சட்டத்தின் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே 4 அலகுதான் இருக்கிறது. இந்த ஓர் அலகுப் பிழையால் கெட்டுப்போகும் மாதிரிகளே அதிகம்.

பற்சக்கரங்களின் கணக்கு இதைவிட அழகானது. ஒரு சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்தால், அதன் செயல் ஆரம் மி.மீ. கணக்கில் கிடைத்துவிடும். 8 பல் சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ., 24 பல் சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ.; இரண்டையும் கூட்டினால் 16 மி.மீ., அதாவது சரியாக 2 அலகு. அதனால்தான் 8 பல்லும் 24 பல்லும் இரண்டு துளை தள்ளி வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இரண்டு 16 பல் சக்கரங்களுக்கும் 2 அலகு, 8 பல்லுக்கும் 40 பல்லுக்கும் 3 அலகு. ஆனால் 16 பல்லையும் 24 பல்லையும் சேர்க்க முயன்றால் 20 மி.மீ., அதாவது இரண்டரை அலகு வரும். நேர்வரிசைத் துளைகளில் அது பொருந்தாது. கட்டத் தொடங்குமுன் இந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் பாதி நேரத்தை மிச்சப்படுத்துவார்கள்.

துளைச்சட்டங்கள் இல்லாமல், பக்கவாட்டில் துளையுள்ள சாதாரணக் கட்டைகளை அடுக்கிச் சட்டகம் கட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். கட்டையின் உயரம் 9.6 மி.மீ. என்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கட்டைகளின் துளைகள் 8 மி.மீ. கணக்கோடு ஒத்துப்போகா. இரண்டு கட்டைகளுக்கு நடுவே 3.2 மி.மீ. உயரமுள்ள தட்டைகள் இரண்டை வைத்தால், துளைக்குத் துளை 16 மி.மீ. ஆகி மீண்டும் 2 அலகு கிடைத்துவிடும். அப்போது குறுக்கே ஒரு துளைச்சட்டத்தைச் செங்குத்தாகப் பின் போட்டுப் பூட்டவும் முடியும். இப்படிப் பூட்டாத சட்டகம், மோட்டார் சற்றே அழுத்தியதும் வாய் பிளந்து பற்களை நழுவவிடும்.

மோட்டாருக்கு லெகோவின் சொந்த மோட்டாரே வேண்டும் என்பதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ரோபோ வண்டிகளுக்காக விற்கும் மஞ்சள் நிறப் பிஓ (பேட்டரியில் ஓடும்) மோட்டார் இதற்கு மிகவும் ஏற்றது. கடையில் கேட்கும்போது இருபுறமும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் வகை வேண்டும் என்றும், நிமிடத்துக்கு 300 சுற்று வேண்டும் என்றும் சொல்லி வாங்க வேண்டும். கூடவே ஒரு பேட்டரி பெட்டியும் சுவிட்சும் கொஞ்சம் ஒயரும் வாங்கிக்கொள்ளலாம். அதன் தண்டு லெகோ அச்சின் வடிவத்தில் இருக்காது என்பதுதான் ஒரே குறை. கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் மெல்லிய காற்றுக் குழாயை 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு இளக்கி, ஒரு முனையை மோட்டார் தண்டிலும் மறுமுனையை லெகோ அச்சிலும் ஏற்றிவிட்டால், ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு அச்சுகளும் மயிரிழை விலகியிருந்தாலும் குழாய் வளைந்து கொடுத்துவிடுவதால், இறுக்கமான உலோக இணைப்பைவிட இதையே நான் விரும்புகிறேன்.

விசிறியின் தலை

இனி விசிறிக்கு வருவோம். அசல் விசிறியில் மோட்டாரின் முன்தண்டு இறக்கையைச் சுழற்றுகிறது. பின்தண்டில் இருக்கும் வார்ம், ஒரு பற்சக்கரத்தை மிக மெதுவாகச் சுழற்றுகிறது. அதிலிருந்து இன்னும் வேகம் குறைந்து, தலையின் அடியில் ஒரு சிறு கிராங்க், அதாவது ஒரு முனையை மையமாகக் கொண்டு சுற்றும் சிறு கை, சுற்றுகிறது. அந்தக் கிராங்கை, அசையாமல் நிற்கும் கழுத்தோடு ஓர் இணைப்புத் தண்டு சேர்க்கிறது. கிராங்க் சுற்றும்போது கழுத்தைத் தள்ளவும் இழுக்கவும் பார்க்கிறது, கழுத்தோ அசையாது, ஆகவே கிராங்கைச் சுமந்திருக்கும் தலையே திரும்ப வேண்டியதாகிறது. இந்த விசிறியில் எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். தலையைத் திருப்பும் கருவி கீழே அடிப்பாகத்தில் இல்லை. தலைக்குள்ளேயே இருந்துகொண்டு, கழுத்தைப் பிடித்துத் தன்னைத் தானே திருப்பிக்கொள்கிறது.

மோட்டாரைக் கிடைமட்டமாக வைத்து, முன்தண்டில் இறக்கைக்கான அச்சையும் பின்தண்டில் வார்முக்கான அச்சையும் குழாயால் இணைக்க வேண்டும். லெகோ மோட்டாரை வைத்திருப்பவர்கள், அதற்கு ஒரு பக்கம் மட்டுமே தண்டுத்துளை இருப்பதால், மோட்டாரைக் கீழே 2 அலகு தள்ளி வைத்து, இரண்டு 16 பல் சக்கரங்களின் வழியாக மேலே உள்ள நீண்ட அச்சைச் சுழற்றலாம். அந்த ஒரே அச்சின் முன்முனையில் இறக்கையும் பின்முனையில் வார்மும் அமையும். வார்ம் தன் அச்சின் மீது முன்னும் பின்னும் வழுக்கக் கூடியது. பற்சக்கரம் எதிர்த்தவுடன் அது ஒதுங்கிப் போய்விடும் என்பதால், இருபுறமும் புஷ் என்ற, அச்சைப் பிடித்துக்கொள்ளும் சிறு வளையங்களைப் போட்டு அதைச் சிறைப்படுத்த வேண்டும். ஆனால் புஷ்ஷைச் சட்டத்தோடு அழுத்தி இறுக்கக் கூடாது. நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால்தான் அச்சு எளிதாகச் சுழலும்.

வார்முக்குப் பக்கவாட்டில் 2 அலகு தள்ளி, செங்குத்தாக ஓர் அச்சை நிறுத்தி, அதில் 24 பல் சக்கரத்தைப் படுக்கை வாட்டில் பொருத்த வேண்டும். வார்ம் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்தச் சக்கரம் ஒரே ஒரு பல் மட்டும் நகரும். ஆகவே இங்கேயே வேகம் 24 மடங்கு குறைந்துவிடுகிறது. அதே செங்குத்து அச்சின் கீழ்ப்பகுதியில் ஒரு 8 பல் சக்கரத்தைப் போட்டு, அதை இன்னொரு செங்குத்து அச்சில் உள்ள 24 பல் சக்கரத்தோடு சேர்க்க வேண்டும். இந்த இரண்டாம் அச்சைப் பக்கவாட்டில் 2 அலகு திரும்பக் கொண்டுவந்து வைத்தால், அது வார்முக்கு நேர் கீழே, விசிறியின் நடுக்கோட்டில் வந்து நிற்கும். இங்கே இன்னும் 3 மடங்கு குறைகிறது. 24ஐ 3ஆல் பெருக்க மொத்தம் 72. மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால், கிராங்க் நிமிடத்துக்கு நான்கு சுற்றுக்குச் சற்றே கூடுதலாகச் சுற்றும். விசிறியின் தலையும் அத்தனை முறை போய்வரும். கூடத்தில் ஓடும் அசல் விசிறியைக் கடிகாரத்தோடு எண்ணிப் பார்த்தால், அதன் தலையும் ஏறத்தாழ இந்த வேகத்திலேயே போய்வருவதைக் காணலாம்.

அடுத்து, கிராங்கின் அளவுகள். நான்கு நீளங்கள் இங்கே முக்கியம்: கிராங்கின் ஆரம் 1 அலகு, தலை திரும்பும் மைய அச்சிலிருந்து கிராங்கின் அச்சு 4 அலகு பின்னால், இணைப்புத் தண்டு 4 அலகு, அதாவது 5 துளைச் சட்டம், கழுத்தில் தண்டின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பின்னின் இடம் மைய அச்சிலிருந்து 2 அலகு பக்கவாட்டில். இந்த அளவுகளில் தலை மொத்தமாக 62 டிகிரி திரும்பும். கழுத்தில் செருகிய அந்தப் பின் நேர் பக்கவாட்டில் இருந்தால், ஊசலின் நடுப்புள்ளி நேர் முன்னே இல்லாமல் சுமார் 13 டிகிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பற்சக்கரங்களில் சரிசெய்ய முயல வேண்டாம். அடித்தட்டை அதே அளவு திருப்பி வைத்தால் போதும்.

இன்னும் அகலமாகத் திரும்ப வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கிராங்கை 2 அலகாகவும் கழுத்துப் பின்னை 3 அலகாகவும் மற்ற இரண்டையும் 5 அலகாகவும் மாற்றினால் 86 டிகிரி வரை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இணைப்புத் தண்டுக்கும் கழுத்துக் கைக்கும் இடையே உள்ள கோணம் 34 டிகிரி வரை சுருங்கிவிடும். அந்த இடத்தில் தண்டு தலையைத் திருப்புவதைவிடப் பின்னை அழுத்துவதற்கே தன் பலத்தைச் செலவிடும். மோட்டார் முனகி நின்றுவிடுவதைக் கேட்கலாம். முதலில் சொன்ன அளவுகளில் அந்தக் கோணம் 46 டிகிரிக்குக் கீழே போவதில்லை. நான் 62 டிகிரியோடு நிறைவடைந்துவிட்டேன்.

இரண்டாம் 24 பல் சக்கரமாக, நடுவில் வழுக்கும் கிளட்ச் உள்ள சக்கரத்தைப் போடுவது மிக முக்கியம். வார்ம் பற்சக்கரத்தைச் சுழற்றும். பற்சக்கரத்தால் வார்மைச் சுழற்ற முடியாது. ஆகவே குழந்தை ஒன்று விசிறியின் தலையைக் கையால் பிடித்துத் திருப்பினால், அந்த விசை முழுவதும் பற்களின் மீது இறங்கும். எங்கள் பழைய விசிறியில் மழுங்கியிருந்த பற்களுக்கும், யாரோ தலையை வலுக்கட்டாயமாகத் திருப்பிய பல வருடப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். கிளட்ச் சக்கரம் ஓர் அளவுக்கு மேல் விசை வந்தால் உள்ளுக்குள் வழுக்கிக் கொடுத்து மற்ற உறுப்புகளைக் காப்பாற்றும். அசல் விசிறியின் மேலே இருக்கும் குமிழையும் செய்ய விரும்புபவர்கள், முதல் செங்குத்து அச்சை ஒரு பல்லின் கனத்துக்கு மேல் தூக்கும்படி விட்டு, தூக்கினால் 8 பல் சக்கரம் அடுத்த சக்கரத்திலிருந்து விலகும்படி அமைக்கலாம். தூக்கியபோது இறக்கை சுழலும், தலை நிற்கும். அழுத்தியபோது மீண்டும் திரும்பும்.

தலையின் எடை முழுவதும் கழுத்தின் மீது நிற்பதால், கழுத்து அச்சை ஒரே துளையில் தொங்கவிடாமல், மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் தாங்க வேண்டும். திருப்புமேடைத் துண்டு இருந்தால் அது இன்னும் நல்லது. மோட்டாரின் ஒயர் கழுத்தருகே ஒரு தளர்ந்த வளையமாகத் தொங்கட்டும். இழுத்துக் கட்டினால் தலை ஒவ்வொரு முறையும் ஒயரோடு மல்லுக்கட்டும். இறக்கைக்குத் தயிர் டப்பாவின் மூடியை வெட்டி, மூன்று இதழ்களையும் ஒரே சாய்வில் முறுக்கி ஒட்டலாம். இதழ்களின் எடை ஒன்றுக்கொன்று வேறுபட்டால் முழு விசிறியும் நடுங்கும்.

அமுக்கினால் பிடித்து, அடுத்ததை அமுக்கினால் விடும் பொத்தான்கள்

மேசை விசிறியின் அடியிலும் பழைய டேப் ரெக்கார்டரின் முகப்பிலும் ஒரே வகைப் பொத்தான் வரிசை இருக்கும். ஒன்றை அமுக்கினால் அது உள்ளேயே நின்றுகொள்ளும். அடுத்ததை அமுக்கினால் முன்னது துள்ளி வெளியே வரும். மின்சாரமே இல்லாமல் ஒரு கருவி தன் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, எனக்கு எல்லா மாதிரிகளிலும் மிகவும் பிடித்தது.

பொத்தான்களுக்குக் குறுக்கே, இடமும் வலமும் வழுக்கக் கூடிய ஒரு நீண்ட சட்டத்தை வைத்து, ரப்பர் பேண்டால் அதை இடப்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். சட்டத்தின் மீது, ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராக, 45 டிகிரி சாய்வுக் கட்டை ஒன்றை, அதன் கூர்முனை இடப்பக்கமாகச் சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்த வேண்டும். பொத்தானிலிருந்து நீளும் பின், இறங்கும்போது சாய்வின் மீது அழுந்தி, சட்டத்தை வலப்பக்கம் தள்ளும். கூர்முனையைத் தாண்டிக் கீழே போனவுடன் ரப்பர் பேண்ட் சட்டத்தை இடப்பக்கம் இழுக்க, கூர்முனை பின்னின் தலைக்கு மேல் வந்து மூடிக்கொள்ளும். இப்போது பொத்தான் சிறைப்பட்டது. இரண்டாவது பொத்தானை அமுக்கும்போது சட்டம் மீண்டும் வலப்பக்கம் நகர்வதால் முதல் பொத்தானின் பின் விடுபட்டு, அதற்கென்று கட்டியிருக்கும் தனி ரப்பர் பேண்டால் மேலே எழும்பும்.

கூர்முனை ஒவ்வொரு பின்னையும் 4 மி.மீ. அளவுக்கே மூடும்படி சாய்வுக் கட்டைகளை வைக்க வேண்டும். நிறுத்தும் பொத்தானுக்கு மட்டும், அதிலிருந்து நீளும் பின்னானது சாய்வின் உச்சியருகே தொடும்படி கட்டையை நகர்த்தி, பொத்தான் முழுவதும் கீழே போகாதபடி அடியில் ஒரு தடையை வைக்க வேண்டும். அது சட்டத்தை 6 மி.மீ. வரை தள்ளி மற்ற எல்லாப் பொத்தான்களையும் விடுவிக்கும். தான் மட்டும் கூர்முனையைத் தாண்டாததால் சிறைப்படாமல் திரும்பிவிடும். சட்டம் வழுக்கும் தடத்தில் குமிழ்கள் இல்லாத வழவழப்பான தட்டைகளைப் பதிக்காவிட்டால், பொத்தான் பாதியில் மாட்டிக்கொள்ளும். சென்னையின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சாதாரண ரப்பர் பேண்டுகள் சில மாதங்களில் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றை எளிதில் மாற்றும்படி வெளிப்புறத்திலேயே மாட்டி வையுங்கள்.

நாடா ஓடும் கருவி

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டில், நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். நாடா சுற்றிக்கொள்ளும் சக்கரத்தை நேரடியாக ஒரே சீராகச் சுழற்றினால் அந்த வேகம் கிடைக்காது. சுற்று ஏற ஏறச் சக்கரம் பருத்து, ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட அதிக நாடாவை இழுக்கும். பாட்டும் போகப் போக வேகமெடுக்கும். அதனால் நாடாவின் வேகத்தைத் தீர்மானிக்கும் வேலையைக் கேப்ஸ்டன் என்ற மெல்லிய தண்டும், அதன் மீது அழுந்தும் ரப்பர் உருளையும் ஏற்றுக்கொள்கின்றன. சுற்றும் சக்கரத்துக்கோ, வந்ததைத் தளராமல் சுருட்டிக்கொள்ளும் வேலை மட்டுமே. அதற்கு வழுக்கும் பிடிப்பு ஒன்று தேவை.

மாதிரியில், பாரிமுனையின் ரிப்பன் கடைகளில் கிடைக்கும் 6 மி.மீ. அகல சாட்டின் ரிப்பனை நாடாவாக வைத்துக்கொள்ளலாம். 2 மீட்டர் போதும். ரப்பர் டயர் மாட்டிய இரண்டு சிறு சக்கரங்களை ஒன்றோடொன்று உரசும்படி நிறுத்தி, ரிப்பனை நடுவே விட வேண்டும். ஒன்றை மோட்டார் சுழற்றும். மற்றொன்று ஒரு நெம்புகோலின் முனையில் இருந்துகொண்டு, மேலே சொன்ன பொத்தானை அமுக்கும்போது மட்டும் வந்து அழுந்தும். அசல் கருவியிலும் ப்ளே பொத்தான் இந்த உருளையைத்தான் தண்டோடு சேர்க்கிறது.

சுருட்டும் சக்கரத்தைப் பற்சக்கரத்தால் அல்லாமல், கப்பிகளும் ரப்பர் வளையமும் கொண்டு சுழற்றினால், அந்த வளையம் வழுக்குவதே நமக்கு வேண்டிய கிளட்ச் ஆகிவிடும். ஆனால் சுருட்டும் சக்கரம் எப்போதும் தேவையைவிடச் சற்று வேகமாகச் சுழல விரும்ப வேண்டும். டயரின் விட்டம் 24 மி.மீ. என்றால் அது ஒரு சுற்றில் 75 மி.மீ. ரிப்பனைத் தள்ளும், காலியான சுருளின் விட்டம் 16 மி.மீ. என்றால் ஒரு சுற்றில் 50 மி.மீ. மட்டுமே அது ஏற்கும். ஆக, தொடக்கத்தில் சுருள் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழன்றாக வேண்டும். பெரிய கப்பியிலிருந்து அதில் பாதி விட்டமுள்ள சிறிய கப்பிக்கு வளையத்தை மாட்டினால் இரண்டு மடங்கு கிடைக்கும். மீதி வழுக்கலில் போய்விடும். ரிப்பனைக் கொடுக்கும் சுருளுக்கு ஓர் இலேசான உரசல் தடை வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் நின்ற பிறகும் அது சுழன்று, ரிப்பன் மேசையெல்லாம் பரவிவிடும்.

ரிப்பனின் கடைசி முனையைக் கொடுக்கும் சுருளோடு முடிச்சிட்டு, ரிப்பன் போகும் வழியில் ஓர் இலேசான கையை நிறுத்தி, ரிப்பனை அதன் மேல் வளைத்துக் கொண்டுபோனால், ரிப்பன் தீர்ந்து விறைக்கும்போது அந்தக் கை இழுபடும். அதன் மறுமுனை பொத்தான் சட்டத்தை வலப்பக்கம் தள்ளும்படி அமைத்தால், கருவி தானாக நின்று, ப்ளே பொத்தான் மேலே துள்ளும். இரவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போன நாட்களில் எங்களை எழுப்பிய அதே டக் என்ற சத்தம், கட்டைகளிலும் கேட்கும்.

மாவரைக்கும் கிரைண்டரைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். கூம்பு வடிவக் கல்லை வைத்த கிரைண்டரில் கல்லை மோட்டார் சுழற்றுவதில்லை. பாத்திரம் சுழல, அதன் அடியின் உரசலால் கல் உருள்கிறது. பாத்திரத்தின் ஓரம் அதிக தூரம் ஓடுகிறது, நடுப்பகுதி குறைவாக ஓடுகிறது. ஆகவே கல்லும் ஓரத்தில் பருத்தும் நடுவில் சிறுத்தும் இருந்தால்தான் எங்கும் சறுக்காமல் உருளும். மாதிரியில் மூன்று வெவ்வேறு அளவுச் சக்கரங்களை ஒரே சாய்ந்த அச்சில் கோத்து, ஒவ்வொன்றின் விட்டமும் மையத்திலிருந்து அது தொடும் இடத்தின் தூரத்துக்கு ஒரே விகிதத்தில் இருக்குமாறு வைத்தால் இதைக் கண்ணால் காணலாம். மூன்றையும் ஒரே அளவாக மாற்றிப் பாருங்கள். எது சறுக்குகிறது என்பது உடனே தெரியும்.

ஓடாதபோது

மோட்டாரை இணைக்கும் முன், அதன் இடத்தில் ஒரு கைப்பிடியை மாட்டி இரண்டு விரல்களால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், மோட்டாரின் பக்கத்திலிருந்து தொடங்காமல் கடைசி உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எந்த உறுப்பைக் கழற்றியதும் கை இலேசாகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் அது புஷ்ஷின் அழுத்தமாகவோ, மூன்று சட்டங்களின் வழியாகச் செல்லும் அச்சு வளைந்திருப்பதாகவோ இருக்கும். பற்கள் டக்டக்கென்று நழுவினால் சட்டகம் பிளக்கிறது என்று பொருள். அங்கே ஒரு குறுக்குச் சட்டம் போட வேண்டும். எண்ணெய் விடத் தோன்றும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட வேண்டாம். அவை தூசியைப் பிடித்துக் குழம்பாக்கிவிடும், இந்தப் பிளாஸ்டிக்குக்கு அவை தேவையும் இல்லை.

கட்டைகளைக் கழுவ நேர்ந்தால் 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் சோப்பிட்டுக் கழுவி, மின்விசிறிக் காற்றில் நிழலிலேயே உலர்த்த வேண்டும். மொட்டை மாடியில் வடாம் காயும் இடத்தில் இவற்றைக் காய வைக்காதீர்கள். மே மாத வெயிலில் தளத்தின் சூடு இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும், வெள்ளைக் கட்டைகள் வெயில்பட்டு மஞ்சளாகவும் மாறும். மோட்டாரையும் பேட்டரி பெட்டியையும் நீரில் நனைக்கக் கூடாது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்கள், மாதிரியை எடுத்து வைக்கும் முன் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். உப்புக் காற்றில் பெட்டியின் தகடுகள் பச்சை பூத்துவிட்டால், உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்த பிறகே மீண்டும் மின்சாரம் பாயும்.